ஆலிவ் மரத்துக்குப் புல் எதிரியா, காவலா?

ஸ்பெயினின் தெற்கே ஹயேன் மாகாணத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆலிவ் தோப்புகள்தான். அங்கே மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள்! உலகிலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாடும் ஸ்பெயின்தான்.

அந்த நாட்டையே 2022-ல் வானிலை கலங்கடித்தது. ஆலிவ் பூப்பதற்குக் குளிர்காலக் குளிர் வேண்டும். பூத்த பிறகு கடும் வெயில் ஆகாது. அந்த ஆண்டு பூக்கும் பருவமான மே மாதத்திலேயே அனல் அடித்தது. மழையும் பொய்த்தது. முந்தைய பருவத்தில் சுமார் 15 லட்சம் டன் கிடைத்த எண்ணெய், 2022-23-ல் 7 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. விலை எகிறியது.

மழையை வரவழைக்க முடியாது. பெய்வதையாவது மண்ணில் பிடித்து வைக்கலாமே? அங்கேதான் புல் கைகொடுக்கிறது.

'மரத்துக்கான தண்ணீரைப் புல் குடித்துவிடும்' என்று பயந்து, பல விவசாயிகள் நிலத்தை உழுது உழுது மொட்டையாகவே வைத்திருந்தார்கள். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால், சரிவான வெற்று நிலத்தில் பெருமழை பெய்தால் நீரோடு மேல்மண்ணும் ஓடிவிடும்.

சூட்சுமம், வெட்டும் நேரத்தில் இருக்கிறது. இலையுதிர்கால மழையில் மர வரிசைகளுக்கு நடுவே புல்லையும் பயறு வகைச் செடிகளையும் வளரவிடுகிறார்கள். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. மழைநீர் உள்ளே இறங்குகிறது. வசந்தத்தில், தண்ணீருக்குப் போட்டி தொடங்கும் முன்பே வெட்டி, அங்கேயே மூடாக்காகப் பரப்புகிறார்கள். கோடையில் அது ஈரத்தைக் காக்கிறது. வெட்டத் தாமதித்தாலோ, மரத்துக்குத்தான் தாகம்!

இப்படிப் புல் வளர்ப்பவர்களுக்கு 2023 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியிலிருந்து உதவித்தொகையும் கிடைக்கிறது. நேற்றுவரை களை, இன்று காவல்!