தொடரெண்ணின் இயல்பு

கணிப்பொறியிற் செய்திகளைத் தொகுத்து வைக்கும் தரவுத்தளங்களுள் இன்று பெருவழக்காயுள்ளது அட்டவணை முறையாகும். 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் இதற்கு இலக்கணம் வகுத்தார். அவர் முறைப்படி அட்டவணையின் நிரைகளுக்கு முன் பின் என்னும் ஒழுங்கு இல்லை. ஆகவே ஒரு நிரையைப் பிறவற்றினின்றும் பிரித்தறிதற்கு அதனுள்ளேயே ஓர் அடையாளம் இருத்தல் வேண்டும். பெயர் அதற்கு உதவாது. ஒரு பெயருடையார் பலர் உளர், பெயரை மாற்றிக்கொள்வாரும் உளர். அக்குறையை நீக்குதற்பொருட்டுப் புதிய நிரை புகுந்தோறும் தானே வளரும் தொடரெண்ணை அமைப்பர்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தளத்தில், அட்டவணைக்குப் புறம்பே ஓர் உறுப்பு நின்று இவ்வெண்ணை வழங்குகின்றது. பலர் ஒருங்கே கேட்பினும் இருவர்க்கு ஓரெண்ணை அது தாராது. தந்ததனை மீளப் பெறுவதுமில்லை. எண்ணைப் பெற்றவரது பதிவு இடையே முறியினும் அவ்வெண் கழிந்ததே. மீளப் பெறக் கருதின், முன்னவர் வினை முடியுங்காறும் பின்னவர் அனைவரும் காத்து நிற்க நேரும். ஆதலின் 41-க்குப் பின் 43 வருதல் பிழையன்று.

புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைத்தில என்பதை நாம் அறிவோம். ஆண்டு எண்ணின் வெறுமை ஓர் இழப்பைக் காட்டுகின்றது. தரவுத்தளத்திலோ அங்ஙனம் துணிதற்கு இடமில்லை. நிரை பின்னர் அழிக்கப்பட்டிருக்கலாம். தொடக்கத்திலேயே பதிவாகாதும் போயிருக்கலாம். இவ்வேறுபாட்டை உணராதார் தொடரெண்ணையே பற்றுச்சீட்டின் எண்ணாகக் கொள்வராயின், இடையில் ஓரெண் காணாதபொழுது, குற்றமற்ற கணக்கர்மேற் களவுப்பழி சுமத்தவுங்கூடும். இடையறாத எண் வேண்டும் கணக்கிற்கு, ஒருவர்பின் ஒருவராய் எழுதும் வேறோர் ஏற்பாடே தக்கது.

இன்னும் இரண்டு கருதத்தக்கன. மைஎஸ்கியூஎல் தளத்தின் இன்னோடிபி அமைப்பில், 2018-இல் வெளிவந்த 8.0-ஆம் பதிப்புக்கு முன்னர், இறுதி நிரையை அழித்துத் தளத்தை நிறுத்தி மீளத் தொடங்கின், அழிந்ததன் எண்ணே புதியதற்கு வந்து சேரும். பழைய எண்ணைக் குறித்து வைத்த பிற ஏடுகள் அப்பொழுது அயலானொருவனைச் சுட்டும். மற்றொன்று எல்லை பற்றியது. 32 பிட் அளவுடைய எண் 2,14,74,83,647 வரையே செல்லும். அதன்மேற் புதிய நிரை ஏறாது. பெருகும் அட்டவணைக்கு முதற்கண்ணே 64 பிட் எண்ணை வகுத்தல் நன்று.

தொடரெண் ஒன்றை மற்றொன்றினின்றும் வேறு பிரித்துக் காட்டும் அடையாளமே. எத்துணை நிரைகள் உள்ளன என்பதை அறிய விரும்புவோர், இறுதி எண்ணை நோக்காது நிரைகளையே எண்ணுவாராக.