கவனம் எங்கே போகிறது? – 9: உப்பு தள்ளும் மாத்திரை

1937-இல் டாக்டர் சார்லஸ் பிராட்லி அமெரிக்கக் குழந்தைகளுக்கு பென்சட்ரின் என்ற ஆம்பெட்டமைன் மருந்தைக் கொடுத்த கதையைப் போன வாரம் பார்த்தோம். கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்பெனிடேட், ஆம்பெட்டமைன் இரண்டையும் இந்த வாரம் ஒப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய் பேசினார்: "சார், பையனுக்குக் கொடுத்த மாத்திரை முழுசா வெளியே வந்திருச்சு. மருந்து உடம்புல சேரலியா?"

சேர்ந்துவிட்டது அம்மா. வெளியே வந்தது வெறும் கூடு.

சாதாரண மெத்தில்பெனிடேட் சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். காலை ஏழரைக்குப் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறும் பிள்ளைக்குப் பதினொன்றரைக்கே தீர்ந்துவிடும். மதிய மாத்திரையைப் பள்ளியில் யார் கொடுப்பது? மற்ற பிள்ளைகள் பார்த்துக் கேலி செய்தால்? இதற்குத்தான் நாள் முழுக்க மருந்தைச் சீராகக் கசியவிட்டுப் பார்த்தார்கள். பிற்பகலில் பலன் மங்கிவிட்டது; ஒரே அளவுக்கு மூளை சில மணி நேரத்திலேயே பழகிவிடுகிறது. நேரம் ஏற ஏற மருந்தின் அளவும் ஏறவேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் 2000-இல் அனுமதி பெற்ற கான்செர்ட்டா என்ற மெத்தில்பெனிடேட் மாத்திரை இதைச் சாதித்த விதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். 18 மில்லிகிராம் மாத்திரையில் 4 மில்லிகிராம் மேல்பூச்சிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். உள்ளே மூன்று அடுக்குகள். இரண்டில் மருந்து, இரண்டாவதில் செறிவு அதிகம். மூன்றாவதில் உப்பும் ஊதிப் பெருகும் ஒரு பாலிமரும். துறைமுகத்தில் கருவாட்டுக்கு உப்புப் போட்டால் மீனிலிருந்து தண்ணீர் இறங்குகிறதே, அதே விசைதான். குடலின் நீரை உப்பு கூட்டுக்குள் இழுக்கிறது. மூன்றாவது அடுக்கு பருத்து, லேசரால் துளைத்த ஒரு சிறு ஓட்டை வழியாக மருந்தைப் பிதுக்கித் தள்ளுகிறது. பலன் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். 5 மில்லிகிராமை மூன்று வேளை விழுங்குவதற்கு இந்த ஒரு மாத்திரை சமம். சமையலறை உப்பு ஒரு பிள்ளையைக் கணக்குப் பாடத்தில் உட்கார வைக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஒப்பீட்டுக்கு இடம் குறைந்துவிட்டது. சுருக்கமாக: மூளையில் டோபமைன் திரும்ப உறிஞ்சப்படுவதை மெத்தில்பெனிடேட் தடுக்கிறது. ஆம்பெட்டமைன் அதைச் செய்வதோடு, செல்லுக்குள் இருக்கும் டோபமைனையும் வெளியே தள்ளுகிறது. இரண்டுமே பசியையும் தூக்கத்தையும் குறைக்கலாம். 133 ஆய்வுகளை 2018-இல் சேர்த்துப் பார்த்தவர்கள், குழந்தைகளுக்கு முதலில் மெத்தில்பெனிடேட், பெரியவர்களுக்கு ஆம்பெட்டமைன் என்றார்கள். ஆம்பெட்டமைன் ஏன் நம் ஊர் மருத்துவர்களின் சீட்டில் வருவதில்லை என்பது அடுத்த வாரம்.

மெத்தில்பெனிடேட்டும் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. அது 'எக்ஸ்' அட்டவணை மருந்து: சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். இதற்கென்று தனி உரிமம் எடுத்த கடை எது என்பதை மருந்து எழுதும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருக்கும் உறவினரிடம் அடரால் என்ற ஆம்பெட்டமைன் மாத்திரையை வாங்கிவரச் சொல்லாதீர்கள். ஆம்பெட்டமைன் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

இந்த உப்பு மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. உடைத்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். உங்கள் பிள்ளைக்கு மாத்திரையைக் கடிக்கும் பழக்கம் இருந்தால், சீட்டு எழுதும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.