சாதுவான சுருட்டு

ஆங்கில அகராதியில் குடியேறிய தமிழ்ச் சொற்கள் சில உண்டு. கட்டுமரமும் மிளகு தண்ணீரும் அப்படிக் கப்பலேறியவை. அவற்றோடு போய்ச் சேர்ந்ததுதான் நமது ‘சுருட்டு’. வெள்ளைக்காரர் அதை ‘ஷெரூட்’ ஆக்கிக் கொண்டார்கள். 1887-ஆம் வருஷம் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலை நடந்த அறையின் தரையில் சிதறிக் கிடந்த சாம்பல் கறுத்துச் செதில் செதிலாக இருப்பதைக் கண்டு, அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறியும் நிபுணர் தீர்மானித்து விடுகிறார். சர்ச்சில் துரைக்கும் திருச்சிச் சுருட்டின் மீது மோகம் உண்டு என்பது அந்நகரவாசிகள் பெருமையுடன் சொல்லி வரும் செய்தி.

இத்தனை கீர்த்தி பெற்ற சுருட்டுக்குத் திண்டுக்கல் வட்டாரம் இலையைக் கொடுத்தது. உறையூர்க் கைகள் உருவத்தைக் கொடுத்தன. இலையின் நடு நரம்பை நீக்கி, வெல்லம், கடுக்காய் முதலியன கரைத்த நீரில் பதப்படுத்தி, புளிக்க வைத்து, பிறகு கையாலேயே சுருட்டுவார்கள். தேன், பழ வாசனை முதலியவற்றை ஏற்றுவதும் உண்டு. இவ்விதம் தயாராகும் வாசனைச் சுருட்டு, காரம் குறைந்த இலையாலும் ஆனதாக இருந்தால், ‘சாதுவான சுருட்டு’ என்ற நற்சாட்சிப் பத்திரம் பெற்று விடுகிறது.

அந்தச் சாதுவைப் பரீட்சிக்கும் முறையைத் தர்மபுரியில் வந்து குடியிருக்கும் திருச்சி நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சுருட்டு விஷயத்தில் மட்டும் ஓய்வு பெறாதவர். “வாத்தியார் ஐயா, முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். மெத்தென்று பள்ளம் விழுந்தால் உள்ளே இலை போதவில்லை என்று அர்த்தம்” என்றார். பிறகு பற்ற வைக்காமலே ஒரு முறை இழுத்துப் பார்த்தார். வெல்லமும் உலர்ந்த பழமும் கலந்தாற்போல் ருசி தெரிகிறதாம். நுனியைத் தீயில் சுழற்றிச் சுழற்றிக் கனிய விட்டார். நிமிஷத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் கூடாது. அவசரப்பட்டால் சூடேறி வாசனை கெடும். புகையை வாயில் நிறுத்தி வெளியே விட வேண்டும். நெஞ்சுக்குள் இறக்கக் கூடாது. முதற் பாதி இனிப்பு. பிற்பாதியில் மெல்ல மெல்லக் காரம் தலைகாட்டும். சாம்பல் உதிராமல் நின்றால் சுருட்டியவன் கைகாரன். எல்லாவற்றையும் சீர்தூக்கி, “முதல் வகுப்பு” என்று தீர்ப்பளித்தார்.

அச்சமயம் அவருடைய பேரன் ஓடிவந்து, “தாத்தா, ஊதுவத்தி மாதிரி வாசனையாக இருக்கிறதே!” என்றான். நண்பருக்கு ஆனந்தம். எனக்கோ அந்தக் கணத்தில்தான் வாசனைச் சுருட்டின் உண்மையான குணம் விளங்கிற்று. சாதாரணச் சுருட்டு தன் நாற்றத்தினாலேயே குழந்தைகளை விரட்டுகிறது. இதுவோ அருகே அழைக்கிறது.

‘சாது’ என்ற பட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும்? சுருட்டுப் புகைக்குப் பெரும்பாலும் காரத் தன்மை உண்டு. ஆகையால் நெஞ்சுக்குள் இறக்காவிட்டாலும், அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. இலையைப் புளிக்க வைக்கும்போதே புற்று உண்டாக்கும் சில ரசாயனங்கள் பெருகுகின்றன. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் புற்றுநோயைச் சுருட்டு விளைவிக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்ட உண்மை. வெல்லமும் தேனும் நாக்கைத்தான் ஏமாற்றும், நோயை ஏமாற்றா. 2005-இல் அமலுக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம், புகையிலைப் பொட்டலங்களில் ‘லேசானது’, ‘மிருதுவானது’ முதலிய சொற்கள் ஜனங்களை மயக்கக்கூடியவை என்று எடுத்துக் காட்டியிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் பாரதமும் சேர்ந்திருக்கிறது.

நம் ஊருக்கு இவ்விஷயத்தில் ஒரு பாத்தியதை உண்டு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். அப்போது தர்மபுரியும் அதில் அடக்கம். மது ஒழிந்தால் வீடு பிழைக்கும் என்று அன்று எண்ணினார்கள். சுருட்டுக்கு அப்படிப்பட்ட விலக்கு வரவில்லை. 2003-ஆம் வருஷத்துச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், பள்ளிக்கூடத்துக்கு 100 கஜத்துக்குள்ளும் புகையிலை விற்கலாகாது என்கிறது. ஆனால் வீட்டுத் திண்ணையில் தாத்தா பற்ற வைக்கும் சுருட்டை எந்தச் சட்டம் தடுக்கும்?

உறையூர்த் தொழிலாளியின் கைத்திறன் பாராட்டுக்குரியதே. அந்தத் தொழில் நாளுக்கு நாள் சுருங்கி வருகிறது. அக்கைகளுக்கு வேறு நல்ல வேலை தேடித் தருவது நம் கடமை. அதற்காக, சுதேசிச் சரக்கு என்ற ஒரே காரணத்தால் நஞ்சு அமிர்தமாகி விடாது.

எங்கள் பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு விதி உண்டு. மற்றப் பாடங்களில் எத்தனை மார்க் வாங்கினாலும், கட்டாயப் பாடத்தில் தவறினால் தேர்ச்சி இல்லை. வடிவம், இழுப்பு, சாம்பல், வாசனை ஆகிய நான்கிலும் நண்பரின் சுருட்டுக்கு நான் தாராளமாகவே மார்க் போடுவேன். ஆரோக்கியம் என்ற கட்டாயப் பாடத்தில் அதற்குக் கிடைப்பது பூஜ்யம்.