பழைய யந்திரம், புதிய நிரல் – 7: முதற்பிழையைத் தேடி

மூலநிரல் அடங்கிய டார் கோப்பைப் பழைய மேக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதே ஏன் அத்தனை பிரயாசையாக இருக்கிறது என்பதைச் சென்ற வாரம் விஸ்தாரமாகப் பார்த்தோம். 2005 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4, அதாவது டைகர், தன்னுடன் கொண்டுவந்த ஓபன்எஸ்எஸ்எல் 0.9.7 வரிசையைச் சேர்ந்தது. இன்றைய வலைத்தளங்கள் வற்புறுத்தும் டிஎல்எஸ் 1.2 அந்த நிரலகத்தில் இடம்பெற்றதோ 2012இல் வெளியான 1.0.1 பதிப்பில்தான். ஆகவே கோப்பை வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் எடுத்து வந்து, டைகர் அறியாத எக்ஸ்இசட் சுருக்கத்தைப் பிரிக்கும் கருவியையும் முன்னதாகவே கட்டிவைத்துக்கொண்டு, கோப்பை அவிழ்த்துவிட்டோம் என்று கொண்டு மேலே செல்வோம்.

கான்ஃபிகர் முடிந்து, மேக் என்ற கட்டளை ஓடத் தொடங்கி, திரையில் வரிகள் சரசரவென்று ஏறிக்கொண்டிருக்கையில் திடீரென்று மூன்று நட்சத்திரக் குறிகளோடு ‘எர்ரர் 1’ என்று ஒரு வரி தோன்றி யாவும் ஸ்தம்பித்துவிடும்போது, அந்தக் கடைசி வரியையே பிழையென்று எண்ணி அதன் பின்னாலேயே அலைபவர்கள்தாம் அநேகர். 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக், எந்தக் கோப்புக்கு எது ஆதாரம் என்பதை அறியுமேயன்றி, ஒரு கோப்பு ஏன் உருவாகவில்லை என்பதை அறியாது. தான் ஏவிய வேலை தோல்வியில் முடிந்தது என்பதை மட்டுமே அது அறிவிக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்தக் கருதிப் பல வேலைகளை ஏககாலத்தில் ஓடவிட்டிருந்தாலோ, காரணமான வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே சம்பந்தமற்ற நூறு வரிகள் கலந்துவிடும். ஆதலால் தோல்வி கண்டவுடன் செய்யத்தக்கது, ஒரு சமயத்தில் ஒரே வேலை என்று வரையறுத்து, வெளியாகும் வரிகள் முழுவதையும் ஒரு கோப்பில் பதிவுசெய்து, அதைக் கீழிருந்து அல்ல, மேலிருந்து வாசிப்பதே.

மேலிருந்து வாசிப்பவர் கான்ஃபிகர் எழுதிவைத்த ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பையும் திறக்க வேண்டும். கான்ஃபிகர் என்பது ஒரு நீண்ட வினாப்பட்டியல். ‘இந்த இயங்குதளத்தில் இன்ன செயற்கூறு உண்டா?’ என்று அது ஒவ்வொரு முறை கேட்கும்போதும், சில வரிகளே கொண்ட ஒரு சின்னஞ்சிறு சி நிரலைத் தானே எழுதிக் கம்பைலரிடம் கொடுத்து, நிரல் உருவானால் ‘யெஸ்’ என்றும் உருவாகாவிட்டால் ‘நோ’ என்றும் குறித்துக்கொள்கிறது. இதில் கூர்ந்து கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. செயற்கூற்றின் பெயரை ஹெடர் கோப்பில் போய்த் தேடாமல், கான்ஃபிகர் ஒரு போலி அறிவிப்பைத் தானே எழுதிக்கொண்டு, லிங்கர் அந்தப் பெயரை ஏற்கிறதா என்பதை மட்டுமே பெரும்பாலும் சோதிக்கிறது. நம் அனுபவத்தில் வரும் மயக்கங்களில் பாதிக்கு மூலம் இந்த இடம்தான்.

உதாரணமாக, நேரத்தை நானோ வினாடிக் கணக்கில் சொல்லும் ‘கிளாக்_கெட்டைம்’ என்ற செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். போசிக்ஸ் நியதியைச் சேர்ந்த இதை லினக்ஸில் எழுதுபவர்கள், காற்றைப் போல எங்கும் நிறைந்தது என்று கருதி விசாரியாமலே உபயோகிக்கிறார்கள். ஆனால் ஆப்பிளின் இயங்குதளத்தில் அது இடம்பெற்றது 2016இல், 10.12 பதிப்பில்தான். டைகரில் இதை அழைக்கும் ஒரு நிரலைக் கட்டும்போது, எந்தக் கடிகாரம் என்பதைக் குறிக்கும் மாறிலியை அந்நிரல் தானே வரையறுத்திருக்குமாயின், பழைய சி மொழியின் தாராளத்தினால் கம்பைலர் அதை மறுப்பதில்லை. அறிவிக்கப்படாத செயற்கூறு என்று ஓர் எச்சரிக்கையை மட்டும் உதிர்த்துவிட்டு நகர்ந்துவிடும். இருநூறு கோப்புகள் உருவாகி, எல்லாவற்றையும் இணைக்க லிங்கர் வரும்போதுதான் ‘அன்டிஃபைன்ட் சிம்பல்ஸ்’ என்ற முறையீடு எழும். முறையீடு எழுந்த இடம் கடைசி. பிழை நேர்ந்த இடமோ எச்சரிக்கை வந்த அந்த ஆரம்ப வரி. அத்தகைய எச்சரிக்கையைப் பிழையாகவே பாவித்து உடனே நிறுத்தும்படி கம்பைலருக்குக் கட்டளையிடும் வசதி, டைகருக்கான கடைசி எக்ஸ்கோட் 2.5இல் உள்ள ஜிசிசி 4.0.1இலேயே இருக்கிறது. அதை மேக் ஓடும்போது மட்டும் கொடுக்க வேண்டும். கான்ஃபிகர் ஓடும்போதும் கொடுத்தால், அறிவிப்பின்றி அஜாக்கிரதையாக எழுதப்பட்ட சோதனை நிரல்களும் தோற்று, இருப்பவற்றைக்கூட இல்லையென்று அது எழுதிவிடக்கூடும்.

இதற்கு நேர்மாறான விபரீதமும் சம்பவித்ததுண்டு. 2016இல் வெளிவந்த எக்ஸ்கோட் 8, முந்திய 10.11 இயங்குதளத்திலும் நிறுவத்தக்கதாக இருந்தும், தன்னுள் 10.12க்குரிய எஸ்டிகே ஒன்றையே வைத்திருந்தது. கான்ஃபிகர் வழக்கம்போல் லிங்கரைக் கேட்டது. லிங்கர் எஸ்டிகேயின் பட்டியலைப் பார்த்து ‘உண்டு’ என்றது. நிரல் ஒரு சிறு முணுமுணுப்புமின்றி உருவாயிற்று. இயக்கிய மாத்திரத்தில் ‘சிம்பல் நாட் ஃபவுண்ட்’ என்று விழுந்துபோயிற்று. கட்டும்போது தோற்கிற நிரலைக் காட்டிலும், வெற்றிகரமாகக் கட்டப்பட்டுப் பிற்பாடு தோற்கிற நிரலே அபாயகரமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இனி நிவர்த்தி. செயற்கூறு இல்லாத இடத்தில் அதை நாமே எழுதித் தரலாம். ஆனால் எழுதுவதற்குப் பொறுமை வேண்டும். டைகரின் உட்கருவான மாக்கில் ‘மாக்_அப்சல்யூட்_டைம்’ என்ற ஒரு கடிகாரம் இருக்கிறது. இன்டெல் மேக்குகளில் அதன் ஒரு துடிப்பு சரியாக ஒரு நானோ வினாடி. ஆகவே இன்டெலில் மட்டும் சோதித்தவர், வந்த எண்ணை அப்படியே திருப்பித் தந்துவிட்டு, வேலை முடிந்ததென்று திருப்தியடைவார். பவர்பிசி சிப் கொண்ட ஐபுக் ஜி4இல் அந்தச் சமத்துவம் கிடையாது. இயங்குதளம் தரும் விகிதத்தைக் கேட்டுப் பெருக்கி வகுத்தாலொழிய நேரம் பிழையாகும். இத்தகைய ஒட்டுவேலையை ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. 2002இல் டார்வின்போர்ட்ஸ் என்று ஆரம்பமாகி இன்று மேக்போர்ட்ஸ் என்று வழங்கும் திட்டத்தினர், பழைய பதிப்புகளில் இல்லாத செயற்கூறுகளையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி, ‘லெகசி சப்போர்ட்’ என்ற நிரலகமாகத் தொகுத்திருக்கிறார்கள். ஒருவர் கண்ட பிழைக்கு ஒருவர் எழுதிய திருத்தம், அங்கே சேர்ந்த கணத்தில் எல்லோருக்கும் உரியதாகிவிடுகிறது. டைகரைக் கைவிடாமல் வைத்திருக்கும் அவர்களது சிரத்தையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கம்பைலரின் சங்கதி இதைவிடச் சிக்கலானது. புதிய நிரல்கள் 2011இல் வகுக்கப்பட்ட சி++11 நியதியையேனும் எதிர்பார்க்கின்றன, ஜிசிசி 4.0.1 அதற்கும் முற்பட்டது. பால் எத்தனை இருந்தாலும் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இல்லாமல் இன்றைய தயிர் உறையாது என்பதுபோல, ஒரு கம்பைலரைக் கட்ட அதற்கு முந்திய ஒரு கம்பைலர் வேண்டும். எல்லா முந்தியதும் உதவாது. 2013இல் வந்த ஜிசிசி 4.8 முதல், ஜிசிசியைக் கட்டுவதற்கே ஒரு சி++ கம்பைலர் அவசியமாயிற்று. 2021இல் வந்த 11ஆம் பதிப்போ, சி++11 அறிந்த கம்பைலரைக் கேட்கிறது. ஆகவே பழைய ஜிசிசியிலிருந்து 4.8 அல்லது அதற்கு அருகிலுள்ள ஒன்றையும், அதைக்கொண்டு அதற்கடுத்தவற்றையும் கிரமமாகக் கட்டிக்கொண்டே வர வேண்டும். ஜி4 யந்திரத்தில் ஒவ்வொரு கட்டமும் இரவெல்லாம் ஓடும். அவசரப்பட்டு நடுவிலுள்ள ஒரு பதிப்பைத் தாண்டிச் சென்றவர்கள், பின்னர் தோன்றும் புரியாத பிழைகளுக்குப் பழைய யந்திரத்தையே பழிக்கிறார்கள்.

யந்திரத்தின்மீது குற்றமில்லை. 2005 ஜூனில் இன்டெலுக்கு மாறுவதாக ஆப்பிள் அறிவித்து, 2009இல் வந்த 10.6இல் பவர்பிசியை அறவே விலக்கிய பிறகும், அந்த யந்திரங்கள் தாம் நேற்றுவரை செய்த வேலையை இன்றும் செய்கின்றன. கேமரன் கைசர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரலை எடுத்து, டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற பெயரில் 2010 முதல் 2021 வரை இதே பவர்பிசி மேக்குகளுக்காகத் திருத்தித் திருத்தி வெளியிட்டு வந்தது சாத்தியமானது, மூலநிரல் திறந்திருந்தபடியால்தான். ஆனால் திறந்திருந்தது மட்டும் போதவில்லை. அதைக் கட்டும் வழியை ஒருவர் விடாமல் செப்பனிட்டுக்கொண்டேயிருந்தார். கட்டிக்கொள்ளும் வழி அடைபட்டவனுக்கு மூலநிரலைத் திருத்தும் உரிமை ஏட்டளவில்தான் இருக்கிறது. புதிய கணினி வாங்க வகையுள்ளவர் மட்டுமே அந்த உரிமையை அனுபவிக்கலாம் என்று ஆவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வழி அறவே இல்லாத இடங்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது. எஸ்விஜி படங்களை வரைந்து காட்டும் லிப்ஆர்எஸ்விஜி என்ற நிரலகம் முன்பு முழுக்கச் சி மொழியில் இருந்தது, 2.41 முதல் அதனுள் ரஸ்ட் மொழி புகுந்தது. பவர்பிசி மேக்குக்கு அதிகாரபூர்வமான ரஸ்ட் கம்பைலர் கிடையாது. ரஸ்ட் கம்பைலரோ ரஸ்டிலேயே எழுதப்பட்டு, ஒவ்வொரு பதிப்பும் தனக்கு முந்திய பதிப்பைக்கொண்டே கட்டப்படுகிறது. இங்கே கிளாக்_கெட்டைம் போல ஒன்றை எழுதிச் சேர்த்துச் சமாளிக்க இயலாது. சியில் எழுதப்பட்ட 2.40 வரிசையையே வைத்துக்கொள்வதுதான் அத்தகைய யந்திரங்களுக்கு எஞ்சியிருக்கும் மார்க்கம். அதில் நின்றுவிடுபவர், புதிய பதிப்பில் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தம் வெளியாகும்போதும், அக்குறை பழையதிலும் உண்டா என்று மூலநிரலை வாசித்துப் பார்த்து, இருக்குமாயின் ரஸ்டில் எழுதிய திருத்தத்தின் கருத்தைச் சியில் தாமே எழுதியாக வேண்டும். அவ்விதம் திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுவரும் முறையை அடுத்த வாரம் பார்க்கலாம்.