கீமோ முடிந்து வீடு திரும்பியவருக்குக் காய்ச்சலா? காலை வரை காத்திருக்காதீர்கள்!

கீமோதெரபி என்றதும் முடி கொட்டுவதும் வாந்தியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவர்களும் நர்ஸ்களும் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. அது காய்ச்சல். அதுவும் நோயாளி வீட்டில் இருக்கும்போது வரும் காய்ச்சல்.

பல கீமோ மருந்துகள் 21 நாள்களுக்கு ஒருமுறை செலுத்தப்படுகின்றன. காலையில் 'டே கேர்' பிரிவுக்கு வந்து, சில மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு, மாலையில் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். ஒரு நாள் மருத்துவமனை, மீதி 20 நாள்கள் வீடு. அந்த 20 நாள்களில் குடும்பத்தினர்தான் நர்ஸ்.

7 முதல் 14 நாள்... கவனம்!

வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ மருந்து அழிக்கும். புற்றுநோய் செல்களோடு, எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்களும் அதில் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் இந்த அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். கிருமியை எதிர்க்கும் படையே இல்லாத நேரம் அது. அப்போது தொற்று ஏற்பட்டால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி தொடங்க வேண்டும் என்கிறது மருத்துவம்.

வழக்கமாகக் காய்ச்சல் என்றால் கஷாயம், ஒரு பாராசிட்டமால், நன்றாக ஒரு தூக்கம் என்று சமாளிப்போம். கீமோ எடுப்பவருக்கு இது பொருந்தாது. மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டே இருக்கும்.

நோயாளி வீட்டின் தலைவியாக இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். கீமோ முடிந்த மூன்றாம் நாளே அடுப்படியில் நிற்பார். 'லேசாத்தானே சுடுது, ராத்திரி நேரத்துல யாரையும் அலைக்கழிக்க வேணாம்' என்று சொல்லாமல் படுத்துவிடுவார். அவர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், வீட்டில் இருப்பவர்களே கேட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

சொல்லித்தர நேரம் இல்லை

இதையெல்லாம் குடும்பத்துக்குக் கற்றுத்தருவது நர்ஸ்தான். மருந்தின் அளவைச் சரிபார்ப்பது, ஊசி ஏறும் இடத்தில் எரிச்சல் என்றால் உடனே நிறுத்துவது போன்ற வேலைகளோடு இதுவும் அவர் பொறுப்பு. ஆனால், கூட்டம் நிறைந்த டே கேரில் ஒரே நர்ஸ் பல நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நோயாளி மருந்து மயக்கத்தில் இருப்பார். கூட வந்தவர் மருந்துக் கடைக்கும் காப்பீட்டு கவுன்ட்டருக்கும் ஓடிக்கொண்டிருப்பார். சில நிமிடங்களில் சொன்னது யார் காதில் நிற்கும்?

புற்றுநோய் செவிலியத்துக்கென்றே இந்தியாவில் ஓராண்டு டிப்ளமோ படிப்பு இருக்கிறது. படித்து, அனுபவம் பெற்றவரைச் சுழற்சி முறையில் வேறு வார்டுக்கு மாற்றினால், அந்த அனுபவமும் கூடவே போய்விடும்.

தூரம் இன்னொரு பிரச்னை. 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு இன்றும் தொலைதூர மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். ஊர் திரும்பிய பிறகு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால், சென்னைக்குப் பேருந்து ஏறுவது வழியல்ல. அருகில் உள்ள பெரிய மருத்துவமனைதான் முதல் இடம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் (38 டிகிரி செல்சியஸ்) தொட்டால், நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். தேவையென்றால் 108-ஐ அழையுங்கள்.

* மருத்துவமனையைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள்.

* காய்ச்சல் இல்லாமலே நடுக்கம், மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு வந்தாலும் அவசரம்தான்.

* சிகிச்சை ஃபைலை எடுத்துச் செல்லுங்கள். 'கீமோ போட்டு 10 நாள் ஆகிறது, காய்ச்சல் 101' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

* மருந்து ஏற்றிய 48 மணி நேரம் வரை வாந்தி, சிறுநீரைச் சுத்தம் செய்பவர்கள் கையுறை அணியுங்கள்.

* சளி, இருமலோடு நலம் விசாரிக்க வரும் உறவினர்களை, 'நர்ஸ் யாரையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க' என்று தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த முறை டே கேரிலிருந்து கிளம்பும் முன், நர்ஸிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது? எவ்வளவு காய்ச்சலுக்குக் கிளம்புவது? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போவது? பதில்களைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். படம் எடுத்து, வீட்டில் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவையுங்கள்.