ஒரே தொட்டியில் ஒன்றி வாழும் மீன்கள்

கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, மணலும் நீரும் இட்டு, கடையிலே கண்ணைக் கவர்ந்த மீன்களையெல்லாம் வகைக்கு இரண்டாக வாங்கி விடுவதே பலரும் செய்வது. மறுவாரம் ஒன்று வாலிழந்து மூலையில் ஒதுங்கும். ஒன்று காணாமற் போகும். ஒன்று செத்து மிதக்கும். கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என வீட்டார் ஐயுறுவர். காரணம் பெரும்பாலும் வேறு. ஆற்றிலே ஒரு மீன் மற்றொன்றைத் துரத்தினால், துரத்தப்பட்டது ஓடி ஒளிய இடமுண்டு. இரண்டடித் தொட்டியில் அஃது எங்கே ஓடும்? ஆதலால் எந்த மீனோடு எந்த மீனைச் சேர்ப்பது என்பது அழகு பற்றிய வினா அன்று; அவ்வுயிர்கள் வாழ்வதா மாள்வதா என்பது பற்றிய வினா.

மீனைத் தேர்வதற்கு முன் நீரை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினூடே ஊறி வருவது, அது வன்னீர். கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படியும் படிவே அதற்குச் சான்று. கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய குஞ்சு ஈனும் இனங்களுக்கு இந்நீர் மிக உகந்தது. அமேசன் காட்டோடைகளைத் தாயகமாகக் கொண்ட நியோன் டெட்ராவோ மென்னீரில் வாழ்வது. கொழும்பிலே உறவினர் வீட்டுத் தொட்டியில் அது மின்னித் திரிவதைக் கண்டு ஆசையுற்றுச் சாவகச்சேரிக்குக் கொண்டு செல்பவர், அது சில கிழமைகளில் நிறம் மங்கி நலிவதைக் காண நேரலாம். எங்கும் நிறைந்திருக்கும் தங்கமீனின் செய்தியும் இத்தகையதே. அது குளிர்ந்த நீரை விரும்புவது. கெண்டை இனத்தைச் சேர்ந்ததாகையால் பெரிதாக வளர்வது. கழிவும் மிகுதியாக விடுவது. நுவரெலியாக் குளிருக்கு அது பொருந்தும். அங்கே கப்பிக்குத்தான் வெப்பமூட்டி வேண்டும்.

நீர் ஒத்தாலும் குணம் ஒவ்வாதிருப்பதுண்டு. ஏஞ்சல் மீனும் நியோன் டெட்ராவும் ஒரே அமேசன் நீருக்குரியவை. ஆயினும் காசளவில் வாங்கிய ஏஞ்சல் கையகலம் வளர்ந்தபின், ஒன்றரை அங்குல நியோன் அதற்கு இரையே. ஒரு மீனின் வாய்க்குள் அடங்கும் மற்றெந்த மீனையும் உணவென்றே கொள்ளலாம். இதிலே பகைமை ஒன்றும் இல்லை. பசி மட்டுமே உண்டு. வரிவரியான டைகர் பார்ப் வேறு வகை. அது பிறமீனை விழுங்காது. நீண்டு தொங்கும் செட்டையைக் கண்டால் கடித்துப் பிய்க்கும். ஏஞ்சலின் நூற்செட்டையும் ஆண் கப்பியின் விசிறிவாலும் அதன் முன் தப்பா. இரண்டு மூன்றாக விடப்பட்டால் இக்குணம் மிகும். எட்டுப் பத்தாகக் கூட்டமாய் விட்டால் அவை தம்முள்ளேயே துரத்தி விளையாடி, பிறவற்றை ஓரளவு மறந்திருக்கும். சண்டைமீனின் ஆண்கள் இரண்டை ஒரு தொட்டியில் வைத்தலாகாது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆண் கப்பியின் பகட்டான வாலைக் கண்டு தன்னினத்துப் பகைவன் என மயங்கி அது தாக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

அமைதியான மீனைத் தேடுவோர் தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து நிழல் செறிந்த ஓடைகளிலே செரி பார்ப் என்னும் சிறுமீன் வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இதனை 1929 ஆம் ஆண்டில் தெரணியகல விவரித்துப் பெயரிட்டார். இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது, எவரையும் கடியாது, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குருதிச் சிவப்பாய் ஒளிரும். அதன் உறவான கறுப்பு ரூபி பார்ப்பைச் சிங்கள மக்கள் ‘புலத் ஹபயா’, அதாவது வெற்றிலை மெல்பவன், என்பர். ஆண்மீனின் முகம் சிவப்பதைக் கண்டவர் அப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். இவை மென்னீருக்கு உரியவையேனும், பண்ணையிற் பிறந்தவை ஓரளவு வன்னீரையும் பொறுக்கும். ஓடையில் வலைவீசி அள்ளியவற்றை வாங்காது பண்ணை மீனையே கேட்டு வாங்குதல் நன்று. அவ்வோடைகளை விட்டால் இவற்றிற்கு வேறு தாயகம் இல்லை. நம் நாட்டு மீன் என்ற ஒன்றையே கருதிச் சீப்புவால் மீனை இவற்றோடு சேர்த்துவிடலாகாது. அதுவும் இலங்கைக்கே உரியதுதான். ஆனால் வளர்ந்தபின் முரட்டுக் குணமுடையது.

60 சென்ரிமீற்றர் நீளமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 50 லீற்றர் நீர் கொள்ளும். அதிலே எட்டுச் செரி பார்ப்பும், அடிமணலைக் கிளறித் திரியும் கொரிடோராசு ஆறும், மேல்மட்டத்தில் உலவும் தேன் குராமி ஓரிணையும் விட்டால் தொட்டி நிறைந்துவிடும். யாழ்ப்பாணத்தார் கப்பியும் பிளாட்டியும் கொண்டு தொடங்கலாம். குஞ்சு பெருகித் தொட்டி நெரியாதிருக்க ஆண்களை மட்டும் வாங்குவது வசதி. கூட்டமாய் வாழும் இனத்தை ஆறுக்குக் குறைய வாங்குவது அதனை அச்சத்தில் வைத்திருப்பதாகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடவும் கூடாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சு. அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் மணலிலும் வடிகட்டியிலும் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அதுவரை மீன் சிலவே இருக்கட்டும்; இரையும் சிறிதே இடப்படட்டும்.

‘தொட்டியைத் துப்புரவாக்கும்’ என்று சொல்லி விற்கப்படும் உறிஞ்சுவாய் மீனை இரண்டு அங்குலக் குட்டியாய் வாங்குவோர், அஃது ஓரடிக்கு மேலும் வளரும் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். வளர்ந்து தொட்டிக்கு அடங்காது போனபின் அதனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டவர்கள் உளர். இன்று இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றில் அது பெருகி, மீனவர் வலையிற் சிக்குகின்றது. வைத்திருக்க இயலாத மீனை விற்ற கடையிலோ, பெரிய தொட்டியுடைய வேறொருவரிடமோ சேர்ப்பிக்கலாம்.