பத்தொன்பது மணி நேரப் பகலில் விளையும் முட்டைக்கோஸ்

2012 ஆகஸ்ட் கடைசியில், அலாஸ்காவின் பால்மர் என்ற சிற்றூரில் ஒரு முட்டைக்கோஸைத் தராசில் ஏற்றினார்கள். எடை 62.71 கிலோ. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை அது. வளர்த்தவர் ஸ்காட் ராப். கின்னஸ் புத்தகம் அதை உலக சாதனையாகப் பதிவு செய்தது. அதே ஊரில் 1998இல் ஜான் எவன்ஸ் என்பவர் வளர்த்த ஒற்றைக் கேரட் 8.61 கிலோ இருந்தது. அதுவும் அப்போது உலக சாதனைதான்.

பால்மர் இருப்பது வட அட்சரேகை 61.6 டிகிரியில். மே மாத நடுவிலும் உறைபனி விழக்கூடிய இடம். செப்டம்பரில் மறுபடி விழத் தொடங்கிவிடும். நடுவில் விவசாயிக்குக் கிடைப்பது மூன்றரை, நான்கு மாதம். அந்த மண்ணில் இப்படி ஒரு விளைச்சல் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் அந்த ஊர் தன்னைத் திறந்து காட்டும்.

அலாஸ்கா சுற்றுலா என்றால் கப்பல், பனியாறு, திமிங்கிலம் என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆங்கரேஜ் நகரிலிருந்து கிளென் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் மட்டானுஸ்கா பள்ளத்தாக்கு வந்துவிடும். தெற்கே சுகாச் மலைகள், வடக்கே டால்கீட்னா மலைகள், நடுவே கேரட் பாத்திகளும் உருளைக்கிழங்கு வயல்களும் வைக்கோல் புல் நிலங்களும். வயல் வரப்பில் நின்று நிமிர்ந்தால் ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்குப் பயனியர் சிகரம் நிற்கிறது. குழுவாகப் பேருந்தில் போய்ப் பண்ணை பண்ணையாக இறங்கிப் பார்க்க இதைவிடத் தோதான வடக்குப் பிரதேசம் இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் ஒளியைப் பார்ப்போம். வெயில் அதிகம் என்றால் சூடும் அதிகம் என்பது நம் ஊர் அனுபவம். அங்கே இரண்டும் தனித்தனி. ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி உயரத்தில் நிற்கும். பால்மரில் 52 டிகிரிதான். ஆனால் சென்னையின் பகல் அன்று 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பால்மரின் பகல் 19 மணி நேரத்தைத் தாண்டும். சூரியன் மறைந்த பிறகும் அடிவானத்துக்குக் கீழே ஐந்து டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. அதனால் இரவு முழுவதும் அந்தி வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

இலைக்கு உச்சி வெயில் முழுவதும் தேவைப்படுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் வெளிச்சம் கூடினாலும் ஒளிச்சேர்க்கை அதற்கேற்பக் கூடாது. மிதமான வெளிச்சம் நெடுநேரம் கிடைத்தால் இலைக்கு அதுதான் லாபம். இன்னொன்று, முட்டைக்கோஸ், கேரட், உருளை, பார்லி எல்லாமே சி3 வகைப் பயிர்கள். இவற்றின் இலையில் கரியமில வாயுவைப் பிடித்துக் கொடுக்கும் ரூபிஸ்கோ என்ற நொதிக்கு ஒரு குறை உண்டு. சூடு ஏற ஏற, கரியமில வாயுவை விட்டுவிட்டு ஆக்சிஜனைப் பிடிப்பது அதிகமாகும். அப்போது செடி ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பங்கை இழக்கும். பால்மரில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இரவில் 10 டிகிரிக்கு இறங்கும். பகலில் இழப்பு குறைவு, குளிர்ந்த இரவில் சுவாசத்துக்காக எரிக்கும் சர்க்கரையும் குறைவு. சம்பாதித்ததில் பெரும்பகுதி இலையிலும் கிழங்கிலும் தங்கிவிடுகிறது. அந்த ஊர்க் கேரட்டைக் கடித்தவர்கள் இனிப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை, காரணம் இதுதான்.

எல்லாப் பயிருக்கும் இந்த நீண்ட பகல் நல்லதல்ல. பகலின் நீளத்தைக் கணக்கிட்டுத்தான் பல செடிகள் பூக்கின்றன என்பதை அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் 1920இல் நிறுவிக் காட்டினார்கள். நம் பழைய சம்பா நெல் ரகங்கள் பகல் குறுகும்போதுதான் கதிர் விடும். அதனால்தான் அவற்றுக்குப் பட்டம் தவறக் கூடாது. ஸ்பினாச் கீரையும் முள்ளங்கியும் இதற்கு நேர்மாறு. பகல் நீண்டால் உடனே தண்டு நீட்டிப் பூத்துவிடும். அலாஸ்காவில் அசந்தால் கீரை கைக்கு வருமுன் பூ வந்துவிடும். முட்டைக்கோஸ் இருபருவச் செடி. பல வாரக் குளிரைக் கடந்த பிறகுதான் அதற்குப் பூக்கும் நினைப்பு வரும். முதல் கோடையில் அதற்கு இலை விடுவதும் தலை கட்டுவதும் தவிர வேறு வேலை இல்லை. பத்தொன்பது மணி நேர வெளிச்சமும் நேராகத் தலைக்குப் போய்ச் சேருகிறது.

பெரிய முட்டைக்கோஸ் வளர்ப்பவர்கள் குளிர்காலம் முடியும் முன்பே வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் விதை போட்டுவிடுவார்கள். ஜப்பானில் உருவான ஓ-எஸ் கிராஸ் என்ற கலப்பின ரகம் அவர்களிடையே பெயர் பெற்றது. உறைபனி விலகியதும் நாற்று வயலுக்கு வரும். காற்று குளிர்ச்சி என்பதைவிட மண் குளிர்ச்சி என்பதுதான் அங்கே பெரிய தொல்லை. குளிர்ந்த மண்ணில் வேர் சத்தை எடுக்கத் திணறும். அதனால் பாத்தியில் மல்ச்சிங் ஷீட் விரித்து மண்ணைச் சூடாக்குகிறார்கள். வேரைத் துளைக்கும் ஈப்புழு ஒரு எதிரி. மூஸ் மான் இன்னொரு எதிரி. ஒரு குதிரை உயரம் இருக்கும் அந்த மிருகத்துக்கு முட்டைக்கோஸ் மீது கொள்ளை ஆசை; ஆளுயரத்துக்கு மேல் வேலி போடாவிட்டால் ஒரே இரவில் பாத்தி காலி.

ஆகஸ்ட் கடைசியில் அலாஸ்கா மாநிலக் கண்காட்சியில் எடை போடும் நாளைக் காண்பது தனி அனுபவம். ஈரத் துணி போர்த்திய முட்டைக்கோஸ்கள் சின்ன லாரிகளின் பின்தட்டில் வந்து இறங்கும். ஒன்றைத் தூக்க நாலு பேர் வேண்டும். வெளி இலைகள் ஒரு சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு விரிந்திருக்கும். நடுநரம்பு மணிக்கட்டுத் தடிமன். நடுவர்கள் இலையிடுக்குகளைப் பிரித்து அழுகல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முட்டைக்கோஸ் இலைபோல் உடையணிந்த பெண்கள் ஒரு பக்கம் பாட்டும் ஆட்டமுமாக உற்சாகப்படுத்துகிறார்கள். இந்தப் போட்டிக்கு விதை போட்டது 1941இல் அலாஸ்கா ரயில்வேயின் மேலாளராக இருந்த ஆட்டோ ஓல்சன். பெரிய முட்டைக்கோஸுக்கு 25 டாலர் பரிசு என்று அவர் அறிவித்தார். இந்த மண்ணில் விவசாயம் நடக்கும் என்று ஊருக்குக் காட்ட வேண்டிய அவசியம் அன்றைக்கு இருந்தது. அந்த ஆண்டு வென்றது 23 பவுண்டு, அதாவது பத்தரைக் கிலோ.

ஏன் அந்த அவசியம் என்றால், அது பஞ்சத்தின் கதை. 1930களின் பெருமந்தத்தில் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் விவசாயக் குடும்பங்கள் அரசு நிவாரணத்தில் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தன. ரூஸ்வெல்ட் அரசு அவர்களில் 203 குடும்பங்களை 1935இல் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி மட்டானுஸ்காவுக்கு அனுப்பியது. ஏற்கெனவே குளிர் பழகியவர்கள் என்பதுதான் தேர்வுக்குச் சொன்ன காரணம். மே மாதம் பெட்டிக்குள் கைவிட்டு எண்ணெடுத்து, ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர் என்று காடு பிரித்துக் கொடுத்தார்கள். முதல் கோடை கூடாரத்திலேயே கழிந்தது. மரம் வெட்டி, வேர் பிடுங்கி, வீடு கட்டி, கடனும் அடைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்குள் பல குடும்பங்கள் ஊர் திரும்பிவிட்டன. தங்கியவர்களுக்கு இரண்டாம் உலகப் போர் கைகொடுத்தது. ஆங்கரேஜில் முகாமிட்ட ராணுவம் காய்கறிக்கும் பாலுக்கும் சந்தையானது. அப்போது கட்டிய களஞ்சியங்கள் சில இன்றும் நிற்கின்றன: கீழே மரக்கட்டைச் சுவர், மேலே இரண்டு சாய்வில் மடிந்த உயரமான கூரை. பண்ணைச் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடங்களில் இவையும் சேர்த்தி. குடியேறிகள் வருமுன்பே டெனாயினா, ஆட்னா மக்கள் அங்கே மீனையும் வேட்டையையும் நம்பி வாழ்ந்துவந்தார்கள். 1917 முதல் அரசின் விவசாய ஆய்வுப் பண்ணையும் அங்கே உண்டு. காலி நிலம் என்று சொல்லித்தான் குடியேற்றினார்கள். காலியாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, பால்மரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று உள்ளாகவே கிழக்கே போக வேண்டும். மட்டானுஸ்கா பனியாறு அங்கே நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளம். அடியில் கிடக்கும் பாறையை அரைத்து மாவாக்கிக்கொண்டே மெல்ல நகர்கிறது. அந்த மாவு கலந்துதான் ஆற்று நீர் சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. வெயில் குறைந்து நீர் வடிந்ததும், பல கிளையாகப் பிரிந்த ஆற்றுப்படுகை வறண்டு கிடக்கும். பள்ளத்தாக்கின் பேர்போன காற்று அந்த வண்டலைத் தூக்கி வயலில் கொண்டுபோய்ப் போடும். லோயஸ் என்று புவியியலாளர்கள் சொல்லும் காற்று வண்டல் இது. ஆற்றை ஒட்டிய இடங்களில் ஆழமாகவும், தள்ளிப்போகப் போக மெலிந்தும் படிந்திருக்கிறது. கல் இல்லாத, ஈரம் பிடிக்கும் மண். கேரட் நேராக இறங்க வேறென்ன வேண்டும்? வீட்டு ஜன்னலில் படியும் தூசியைத் துடைத்துச் சலித்துக்கொள்ளும் ஊர்க்காரர்கள் துடைப்பது தங்கள் நிலத்தின் மூலப்பொருளைத்தான்.

கொடுத்த நிலத்தை இயற்கை எடுத்ததும் உண்டு. ஆங்கரேஜிலிருந்து வரும் வழியில் பால்மர் ஹே ஃபிளாட்ஸ் என்ற சதுப்பு வெளி வரும். ஒரு காலத்தில் வைக்கோல் புல் அறுத்த இடம். 1964 மார்ச் 27ஆம் தேதி, 9.2 அளவிலான நிலநடுக்கத்தில் அந்த வெளி சில அடி தாழ்ந்து ஈரநிலமாகிவிட்டது. இன்று வாத்துகளுக்கும் அன்னங்களுக்குமான சரணாலயம் அது.

பால்மரிலேயே கஸ்தூரி எருதுப் பண்ணை ஒன்று இருக்கிறது. பெயரில் எருது இருந்தாலும் ஆடு, செம்மறி குலத்துக்கு நெருக்கமான விலங்கு. அலாஸ்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே வேட்டையில் அற்றுப்போனது. 1930இல் கிரீன்லாந்திலிருந்து 34 விலங்குகளைக் கொண்டுவந்து மீண்டும் பெருக்கினார்கள். வசந்தத்தில் அதன் உள்ரோமம் உதிரும்போது சீப்பால் வாரி எடுப்பார்கள். கிவியட் என்ற அந்த ரோமம் செம்மறிக் கம்பளியைவிடப் பல மடங்கு கதகதப்பு. 1969இல் தொடங்கிய ஊமிங்மாக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே பூர்வகுடிப் பெண்கள் அதைப் பின்னி விற்கிறார்கள்.

இன்னும் வடக்கே, ஃபேர்பேங்க்ஸில் விவசாயத்தின் சவால் வேறு. அங்கே பல இடங்களில் மண்ணுக்கடியில் ஆண்டு முழுதும் உருகாத உறைமண், அதற்குள் ஆப்பு வடிவப் பனிக்கட்டிகள். காட்டை வெட்டி உழுததும் வெயில் மண்ணுக்குள் இறங்கி, பனி உருகி, வயல் குழியும் மேடுமாக அமுங்கிப்போன கதைகள் அங்கே நூறாண்டுப் பழசு. அதே ஊரில், 1898இல் அலாஸ்காவின் ஆய்வுப் பண்ணைகளைத் தொடங்கிவைத்த சார்லஸ் ஜார்ஜ்சன் பெயரில் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் இருக்கிறது. 2001 முதல் அங்கே நடந்த பியோனி மலர் ஆய்வு ஒரு புதிய தொழிலுக்கே வழிவிட்டது. வட கோளத்தின் மற்றப் பெரும்பாலான இடங்களில் பியோனி ஜூனோடு முடிந்துவிடும். அலாஸ்காவில் ஜூலை, ஆகஸ்டில்தான் பூக்கும். கல்யாணப் பருவத்தில் வேறெங்கும் கிடைக்காத பூவுக்கு விலை சொல்லவா வேண்டும்! ஃபேர்பேங்க்ஸின் பனியில்லாப் பருவம் ஒரு நூற்றாண்டில் 85 நாளிலிருந்து 123 நாளாக நீண்டிருக்கிறது. விவசாயிக்கு இது நல்ல செய்திபோலத் தெரியலாம். அடியிலிருக்கும் உறைமண்ணுக்கும் அதே வெப்பம்தான் போய்ச் சேருகிறது என்பதை மறந்து இதைக் கொண்டாட முடியாது.

இத்தனைக்கும் அலாஸ்கா சாப்பிடும் உணவில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து ஆங்கரேஜ் துறைமுகத்துக்குக் கப்பல் வருவது ஒரு வாரம் நின்றால் கடை அலமாரிகள் காலியாகத் தொடங்கும். 1936 முதல் இயங்கிய மட்டானுஸ்கா மெய்ட் பால்பண்ணை 2007இல் மூடப்பட்டது. ஆங்கரேஜுக்கு வேலைக்குப் போய்வருவோர் குடியேறக் குடியேற, பள்ளத்தாக்கின் வயல்கள் மனைகளாகின்றன. பனியாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரைத்து, காற்று சுமந்துவந்து சேர்த்த மண்மேல் கான்கிரீட் போட்டுவிட்டால் அது போனதுதான். நல்ல மண்ணும் நீண்ட பகலும் ஓரிடத்தில் சேர்வது வடக்கில் அபூர்வம். அதை வீட்டுமனையாக்குவது பெரிய தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அலாஸ்கா விளைநில அறக்கட்டளை என்ற அமைப்பு சில பண்ணைகளை நிரந்தரமாக விவசாயத்துக்கே ஒதுக்கப் பாடுபடுகிறது. அந்த முயற்சி வளர வேண்டும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பனியாற்றுக்கு ஒரு நாள் வைத்தால் வயலுக்கும் ஒரு நாள் வையுங்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் என்றால் இன்னும் நல்லது. கண்காட்சி செப்டம்பர் முதல் திங்கட்கிழமையோடு முடிந்துவிடும். சாலையோரப் பண்ணைக் கடையில் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாமல் ஒரு கட்டுக் கேரட்டாவது வாங்குங்கள். அந்த விற்பனை நடந்தால்தான் அந்த நிலம் வயலாக இருக்கும்.